ஆண்டு முழுவதும் ஒழுகும் மூக்கு

ஒவ்வொரு வகுப்பிலும் அடிக்கடி மூக்கை உறிஞ்சும் மாணவர் ஒருவராவது இருப்பார். காலையில் எழுந்ததும் வரிசையாக ஐந்தாறு தும்மல் போடுவார். பிறகு மூக்கிலிருந்து நீர் வழியும். பள்ளி தொடங்குவதற்குள் ஒரு பக்கம் அடைத்துக்கொள்ளும். "உனக்கு எப்போது பார்த்தாலும் சளிதானா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். கோவிட்-19 பரவிய காலத்திற்குப் பிறகு, பேருந்தில் ஒருவர் தும்மினால் பக்கத்தில் இருப்பவர் சற்றுத் தள்ளி உட்காருவதும் உண்டு. ஆனால், இத்தகையோர் பலருக்கு இருப்பது சளி அன்று. அது பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. அதன் பெயர் ஒவ்வாமை மூக்கழற்சி.

சளி கிருமியால் வருகிறது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்களில் போய்விடுகிறது. காய்ச்சலும் உடல்வலியும் அதனுடன் சேர்ந்து வரலாம். ஒவ்வாமையில் காய்ச்சல் இராது. மூக்கும் கண்களும் அரிக்கும். வழியும் நீர் தெளிவாக இருக்கும். வாரத்தில் 4 நாள்களுக்கு மேலும், தொடர்ந்து 4 வாரங்களுக்கு மேலும் இந்த அறிகுறிகள் இருந்தால், மருத்துவர்கள் அதை நீடித்த வகையில் சேர்ப்பார்கள். அரிப்புத் தாங்காமல் உள்ளங்கையால் மூக்கின் நுனியை மேல்நோக்கித் தேய்க்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அச்செயலை மருத்துவர்கள் வேடிக்கையாக 'ஒவ்வாமை வணக்கம்' என்று அழைப்பார்கள். நாளடைவில் மூக்கின் குறுக்கே ஒரு மெல்லிய கோடுகூட விழுந்துவிடும்.

குளிர்நாடுகளில் வசந்தகாலத்தில் பறக்கும் மகரந்தத்தால் பலர் துன்பப்படுகிறார்கள். பருவம் மாறியதும் அவர்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. சிங்கப்பூரில் அந்த ஓய்வு இல்லை. இங்கு முதன்மைக் காரணம் நம் மெத்தைக்குள் வாழும் தூசிப்பூச்சி. வீட்டுத் தூசியில் ஒவ்வாமையைத் தூண்டுவது இந்த உயிரினமே என்பதை 1964ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்களான வூர்ஹார்ஸ்டும் ஸ்பீக்ஸ்மாவும் எடுத்துக்காட்டினர். அதன் நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், வெறுங்கண்ணால் காண்பது அரிது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களே அதற்கு உணவு. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் அதனால் பெருக முடியாது. நம் நாட்டின் சராசரி ஈரப்பதமோ 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது!

பூச்சி நம்மைக் கடிப்பதில்லை. அதன் கழிவிலுள்ள புரதமே தொல்லை தருகிறது. தீங்கற்ற அந்தப் புரதத்தை, சிலருடைய உடல் எதிரி என்று தவறாக எண்ணிக்கொள்கிறது. மூக்கின் உட்சவ்வில் உள்ள சில உயிரணுக்கள் உடனே ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அதனால் அரிப்பும் தும்மலும் வருகின்றன, இரத்தக் குழாய்கள் விரிந்து சவ்வு வீங்குகிறது, மூக்கு அடைக்கிறது.

வெறும் மூக்கடைப்புதானே என்று பலரும் இதை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். மூக்கடைத்தவர் இரவு முழுவதும் வாயால் மூச்சுவிடுகிறார். தூக்கம் அடிக்கடி கலைகிறது. மறுநாள் வகுப்பில் அவர் சோர்ந்து உட்கார்ந்திருப்பதைச் சோம்பல் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். தேர்வுக் காலத்தில் இதன் விலை பெரிது.

இந்த நோயை முற்றாகப் போக்குவது கடினம், கட்டுக்குள் வைத்திருக்கலாம். படுக்கையிலிருந்து தொடங்குவது நல்லது. விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும் குறைந்தது 55 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் பூச்சிகள் இறந்துவிடும். வெயிலில் மட்டும் காயவைத்தால் போதாது. இறந்த பூச்சியின் கழிவு துணியிலேயே தங்கிவிடும், துவைத்தால்தான் அது வெளியேறும். அறையில் தரைவிரிப்பையும் பஞ்சுப் பொம்மைகளையும் குறைக்கலாம். மின்விசிறியின் இறக்கைகளை ஈரத்துணியால் துடைக்கலாம். ஆனால், மூக்கு ஒழுகும் பிள்ளையே அந்த வேலையைச் செய்யவேண்டும் என்பதில்லை!

மருந்துகளைப் பொறுத்தவரை சில குழப்பங்களைத் தீர்த்துக்கொள்ளவேண்டும். தும்மலை நிறுத்தும் பழைய வகை மாத்திரைகள் தூக்கத்தைத் தருபவை. தேர்வு நாளன்று குளோர்பெனிரமின் போட்டுக்கொண்டு போனால், தும்மல் நிற்கும், கண்ணும் சொக்கும். லோராட்டடின் போன்ற புதிய வகையில் இத்தொல்லை குறைவு. மூக்கடைப்பை உடனே திறக்கும் தெளிப்பு மருந்துகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை ஐந்து நாள்களுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால், மருந்தை நிறுத்தியவுடன் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு தெளிப்பு மருந்து வேறு வகை. அந்தப் பெயரைக் கேட்டதும் பெற்றோர் சிலர் அஞ்சுவார்கள். உடற்கட்டழகர்கள் சிலர் தவறாகப் பயன்படுத்தும் ஸ்டீராய்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதன் அளவு மிகச் சிறிது, வேலை செய்வதும் பெரும்பாலும் மூக்கினுள் மட்டுமே. இதன் முழுப் பயன் தெரிய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகலாம். பலர் இரண்டு நாள் தெளித்துவிட்டு, "இது வேலை செய்யவில்லை" என்று தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். தெளிக்கும் முறையும் முக்கியம். தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இட மூக்கிலும் இடக்கையால் வல மூக்கிலும், நடுச்சுவரில் படாமல் வெளிப்புறமாகத் தெளிக்கவேண்டும். நடுச்சுவரில் பட்டால் இரத்தம் கசியக்கூடும். உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதும் நல்ல பலன் தரும். ஆனால், குழாய் நீரை அப்படியே பயன்படுத்தக்கூடாது, கொதிக்கவைத்து ஆறவைத்த நீரே வேண்டும்.

பாட்டி தடவிவிடும் தைலம்? அதிலுள்ள மெந்தால் மூக்கின் குளிர் உணர்வைத் தூண்டுவதால் மூச்சு எளிதாகப் போவதுபோல் தோன்றும். வீக்கம் அப்படியேதான் இருக்கும். ஆறுதலுக்குத் தடவிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மாலையில் போடும் சாம்பிராணிப் புகைதான் சிக்கல். புகை ஒவ்வாமைப் பொருள் அன்று என்றாலும், ஏற்கெனவே புண்பட்ட சவ்வை உறுத்தும். புகைமூட்டமும் அவ்வாறே. 2013 ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரில் காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. அத்தகைய நாள்களில் மூக்கழற்சி உள்ளவர்கள் சன்னலை மூடி வீட்டுக்குள் இருப்பதே நல்லது.

மூக்கும் நுரையீரலும் ஒரே காற்றுப்பாதையின் இரு முனைகள். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கழற்சியும் உண்டு. மூக்கைக் கவனிக்காவிட்டால் ஆஸ்துமாவையும் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. ஆகவே, தும்மலோடு இரவில் இருமலோ, ஓடும்போது மூச்சிரைப்போ இருந்தால், பலதுறை மருந்தகத்துக்குச் சென்று அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். தேவையானால் அவர் தோல் குத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். முன்கையில் சில சொட்டுகளை இட்டு மெல்லக் கீறுவார்கள். கால் மணி நேரத்தில் எந்தச் சொட்டு கொசுக்கடிபோல் தடிக்கிறதோ, அதுவே காரணம்.