வகுப்புகளை எண்ணிப் பார்த்த பேராசிரியர்

நியூயார்க்கில் பிராட்வேயும் 116-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வாசல். 1754-ல் கிங்ஸ் காலேஜ் என்று தொடங்கிய தனியார் நிறுவனம். 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அம்பேத்கர் படிக்கப் போனது இங்கேதான். இன்று இளநிலைக்கு விண்ணப்பிக்கும் நூறு பேரில் நான்கைந்து பேருக்குத்தான் இடம். இவ்வளவு பெரிய பெயர் சொல்லும் கணக்கை யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ் சரிபார்த்தார். 'யு.எஸ். நியூஸ்' தரவரிசையில் கொலம்பியா இரண்டாம் இடத்துக்கு ஏறியிருந்த நேரம் அது. இளநிலை வகுப்புகளில் 82.5 சதவீதம் இருபது பேருக்குக் குறைவானவை என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்திருந்தது. அவர் ரகசியக் கோப்பு எதையும் தேடவில்லை. யாரும் பார்க்கக்கூடிய பாடப் பட்டியலைத் திறந்து, எந்த வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணினார். எழுபதைக்கூட எட்டவில்லை. 2022 பிப்ரவரியில் அதை வெளியிட்டார். செப்டம்பரில் பல்கலைக்கழகமே திருத்திச் சொன்ன எண் 57.1. இரண்டாம் இடம் பதினெட்டாம் இடமானது. மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். முறைகேட்டை மறுத்தபடியே, 2025-ல் 90 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடிக்கச் சம்மதித்தது பல்கலைக்கழகம்.

நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்களுக்காகவே இதைச் சொல்கிறேன். ரேங்க்கை நம்பிக் கடன் வாங்காதீர்கள். 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஆண்டுதோறும் இலவசமாக வெளியிடுகின்றன. அதில் ஐ பகுதியில் வகுப்பின் அளவு இருக்கும். ஹெச் பகுதியில், வெளிநாட்டு இளநிலை மாணவர்கள் எத்தனை பேருக்கு உதவித்தொகை கிடைத்தது, சராசரியாக எவ்வளவு என்று தனிக் கட்டமே உண்டு. கன்சல்டன்சிக்காரர் எதிரில் உட்காரும் முன் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

பணம் கேட்டால் இடம் போய்விடுமோ என்ற பயம் வீண்பயம் அல்ல. வெளிநாட்டு இளநிலை விண்ணப்பதாரர் உதவி கேட்கிறாரா என்பதையும் கொலம்பியா சேர்க்கையில் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதற்காக "முதலில் சேருவோம், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்" என்ற யோசனையை ஏற்காதீர்கள். விண்ணப்பத்தோடு கேட்காதவருக்குப் பின்னால் பெரும்பாலும் கதவு திறக்காது. உதவி பற்றி யார் என்ன சொன்னாலும் பல்கலைக்கழக அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

விசாவுக்கு முன் வரும் ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தில் ஒரு புறம் செலவு, மறுபுறம் அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்ற விவரம் இருக்கும். அதற்காக யாராவது கணக்கில் பணம் போட்டுக் காட்டித் தருகிறேன், சான்றிதழ் தயார் செய்து தருகிறேன் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பொய் ஆவணம் பிடிபட்டால் அமெரிக்கச் சட்டப்படி வாழ்நாள் முழுக்க நுழைவு மறுக்கப்படலாம். அந்தத் தண்டனை பிள்ளைக்குத்தான், ஏஜென்ட்டுக்கு அல்ல.

சேர்ந்த பிறகு இன்னோர் உரிமையும் உண்டு. 1974-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கல்விப் பதிவுகள் சட்டப்படி, மாணவர் தன்னைப் பற்றிய பதிவுகளைக் காட்டச் சொல்லலாம். கேட்ட 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும். தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். மறுத்தால் விசாரணை கோரலாம். வெளிநாட்டு மாணவருக்கும் இதே உரிமைதான்.