நந்தி முகமும் ஐம்பது ரூபாயும்

மனிதரைப் போலவே நடந்து, பேசி, வழக்காடும் விலங்கினங்களும் நம்மோடு ஒரே ஊரில் குடியிருந்திருந்தால் வரலாறு எப்படிப் போயிருக்கும்? கார்ட்டூன் படக்காரர்களுக்கு இது புதுக் கற்பனையாக இருக்கலாம். மயிலாப்பூருக்கு இல்லை. அம்பாள் மயிலாக வந்து புன்னை மரத்தடியில் பூசை செய்த ஊர் இது. பங்குனிப் பெருவிழாவின் மூன்றாம் நாள் காலை கபாலீசுவரரைச் சுமந்து வரும் அதிகார நந்திக்கு மனித உடல், காளை முகம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அதே மாடவீதியில் நிஜ மாடு கீரைக்கட்டில் வாய் வைத்தால் அடிதான்.

இந்த முரணின் இரண்டு பக்கத்திலும் நின்று வேலை பார்த்தவர் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். 1955இல் 'சீதா சுயம்வரம்' தொடங்கி 1970 வரை, கலாக்ஷேத்திராவில் ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக மேடையேற்றினார். ராமாயண உலகத்தில் கழுகு ராவணனுக்குப் புத்தி சொல்லும். சுக்ரீவன் ராமனோடு அரசனுக்கு அரசனாகக் கைகோப்பான். அம்பு பட்டு விழுந்த வாலி, மறைந்து நின்று அடித்தது எந்த தர்மம் என்று ராமனையே கேட்பான்.

மேடையில் குரங்குக்கு இவ்வளவு மரியாதை. வெளியே? அதே ஆண்டுகளில் இந்தியக் குரங்குகள் கூண்டு கூண்டாக அமெரிக்காவுக்குக் கப்பலும் விமானமும் ஏறின. போலியோ தடுப்பு மருந்து தயாரிக்க அவற்றின் சிறுநீரகம் தேவைப்பட்டது. அந்த ஏற்றுமதி நின்றது 1978இல்தான். மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி, விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே தலைவர், தலைமையகம் சென்னை.

நாய்களின் கதை இன்னும் கொடுமை. சென்னை மாநகராட்சி நாய்வண்டி பிடித்துப்போன நாய்கள் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டன. 1970களில் அந்தத் தோலில் கழுத்து டையும் பர்சும் செய்யலாமா என்று அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம் பார்த்ததாக ப்ளூ கிராஸ் விலங்குநல அமைப்பினர் எழுதியிருக்கிறார்கள். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று அவர்கள் 1964 முதல் சொல்லிவந்ததை மாநகராட்சி ஏற்றது 1996இல். கொலை நின்றது. முப்பது வருடம் கேட்க ஆளில்லாமல் போன யோசனைதான் பிறகு நாட்டுக்கே விதியானது.

சினிமாவும் மாறிவிட்டது. சாண்டோ சின்னப்பா தேவர் 'நல்ல நேரம்' படத்தில் நிஜ யானைகளை நடிக்கவைத்தார். 2012இல் 'நான் ஈ' வந்தபோது ஈ முழுக்கக் கம்ப்யூட்டர் ஈ. நல்ல மாற்றம்தான், யாருக்கும் அங்குசக் குத்து இல்லை.

இன்று தி.நகரிலும் அடையாற்றிலும் நாய்க்குச் சட்டை போடுகிறார்கள், பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள், "என் பையன் ரொம்பக் கோபக்காரன்" என்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அன்று கதையில் விலங்கு நம்மைக் கேள்வி கேட்டது. இன்று நாம்தான் அதற்கும் சேர்த்து மழலை பேசுகிறோம். அதே வீட்டு வாசலில் தெருநாய்க்குச் சோறு வைத்தால் குடியிருப்போர் சங்கத்தில் சண்டை. கடிபட்டவர்களின் பயமும் நிஜம், அதைச் சிரித்து ஒதுக்க முடியாது.

விலங்குகள் நல வாரியத்தின் தலைமையகம் 2018இல் சென்னையை விட்டு ஹரியானாவுக்குப் போய்விட்டது. மாறாதது ஒன்று உண்டு. ருக்மிணி தேவி போராடிப் பெற்ற 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விலங்கை வதைத்ததற்கு முதல் முறை அபராதம் அதிகபட்சம் ஐம்பது ரூபாய். அன்றும் அதே தொகை, இன்றும் அதே தொகை.