'குட் ஆஃப்டர்நூன்' பிறந்த கதை



கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் நண்பகல் சற்றே கடந்த நேரம். பனிமூட்டத்தில் கதிரவன் இருக்குமிடமே தெரியவில்லை. பாதையோரம் நின்ற சிறுவன் ஒருவன் எனக்குக் 'குட் ஆஃப்டர்நூன்' சொன்னான். நானும் அவ்வாறே மொழிந்தேன். உடன்வந்த நண்பர், "ஹஜ்ரத், நீங்களுமா?" என்று முகம் சுளித்தார்.

பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பும் நம் வீடுகள் பலவற்றில் உள்ள மனக்குறைதான் இது. ஆயினும் அச்சொல்லின் பிறப்பை அறிதல் நன்று.

'நூன்' என்பது, 'ஒன்பதாவது' எனப் பொருள்படும் 'நோனா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. சூரிய உதயத்திலிருந்து எண்ணி ஒன்பதாம் மணி. அதாவது, ஏறத்தாழப் பிற்பகல் மூன்று. கிறித்தவத் துறவிகளின் வழிபாட்டு வேளைகளுள் அதுவும் ஒன்று. நம் அஸருக்குச் சற்று முன்பின் என்று கொள்ளுங்கள்! நாளடைவில் அவ்வழிபாடு முன்னதாகவே நடைபெறலாயிற்று என்பர். உணவு வேளை முந்தியதே காரணம் என்பாரும் உளர். (பசியின் வலிமை அத்தகையது!) 14ஆம் நூற்றாண்டளவில் 'நூன்' பன்னிரண்டு மணியின் பெயராக நிலைத்துவிட்டது.

'குட்' என்பதன் கதையோ வேறு. முற்கால ஆங்கிலேயர், 'இறைவன் உமக்கு நல்ல நாளை அருள்வானாக' என்றே வாழ்த்தினர். இறைவன் பெயர் உதிர்ந்துபோக, 'குட் டே' எஞ்சியது. 'குட் ஆஃப்டர்நூன்' அதன் இளைய உடன்பிறப்பு. ஆக, அதன் அடியில் உறங்குவது ஒரு துஆ!

நமக்கு ஸலாமே முதன்மையானது, அதில் மாற்றமில்லை. ஆனால் நம்மை வாழ்த்தியவருக்கு அதனினும் அழகாகவோ, அதற்கு ஈடாகவோ மறுமொழி கூறுமாறன்றோ திருக்குர்ஆன் (4:86) பணிக்கிறது? நண்பரிடம் இதனைச் சொன்னேன், மறுமொழியில்லை.

திரும்பும் வழியில் அச்சிறுவன் மீண்டும் எதிர்ப்பட்டான். நண்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இம்முறை தாமே முந்திக்கொண்டார்.