திரையும் தொல்குடியும்

பூவிருந்தவல்லியினின்று செம்பரம்பாக்கம் ஏரிப்பக்கம் செல்வோர் சினிமாப் படப்பிடிப்பு அரங்குகளை வழியிலே காண்பர். அவை நிற்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருளர் என்னும் தொல்குடியினர் குடிசை கட்டி வாழ்கின்றனர். செங்கற் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாய்க் கிடந்து மீட்கப்பட்டோர் அவருட் பலர். அரங்கும் குடிசையும் இத்துணை அருகிலிருந்தும் இருளர் வாழ்வு திரையேறப் பல்லாண்டு சென்றது. ஏறிய பின்னரும், அங்கே ஒலிப்பது யாருடைய குரல்? இதுவே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வினாவை நமக்கு முன்னரே எழுப்பியவர் ஆப்பிரிக்கர். பிரெஞ்சு அரசு 1934-ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணையால், அதன் ஆட்சிக்குட்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் இசைவின்றி ஒருவரும் படம் எடுத்தல் இயலாதாயிற்று. ஆப்பிரிக்க இளைஞர் சிலர் 1955-இல் தம் குறும்படத்தைப் பாரிஸ் நகரில் எடுக்க நேர்ந்தது இதனாலேயாம்.

செனெகல் நாட்டு உஸ்மான் செம்பேன் மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். பிரெஞ்சு மொழியில் நாவல்கள் எழுதியவர். தம் மக்களுட் பெரும்பாலார் அவற்றைப் படிக்கமாட்டாமை அவர் நெஞ்சை உறுத்திற்று. நாற்பதை அணுகும் வயதில் மாஸ்கோ சென்று படக்கலை பயின்றார். 1966-இல் வெளியான அவருடைய முழுநீளப் படத்தில் செனெகற் பணிப்பெண்ணின் உள்ளக்குரலும் பிரெஞ்சிலேயே ஒலித்தது. 1968-இல் வந்த 'மந்தாபி'யிலோ மாந்தர் தம் வோலோஃப் மொழியைப் பேசினர். பெந்தெகொஸ்தே நாளின் வியப்பை அறிந்த நமக்கு, தாய்மொழியிற் கேட்டலின் ஆற்றலை விரித்துரைக்க வேண்டா. குலவரலாறு பாடும் 'கிரியோ' என்பார் அந்நாட்டில் உளர். நம் பாணரை ஒத்தவர். செம்பேன் தம்மை அம்மரபிலேயே வைத்தெண்ணினார். மாலி நாட்டுச் சுலைமான் சிஸே 1987-இல் எடுத்த 'யீலென்' பம்பாரா மக்களின் மறைச்சடங்குகளை அவர் மொழியிலேயே காட்டிற்று.

தமிழில், எயினர் கூத்தை வேட்டுவ வரியிலும் குறவர் ஆடலைக் குன்றக் குரவையிலும் இளங்கோவடிகள் அமைத்தார். பாடியவர் அடிகளேயன்றி எயினருமல்லர், குறவருமல்லர். 2021-இல் த. செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' படத்தின் நிலையும் இதுவே. இருளர் வயலில் எலி பிடிப்பதும், பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டவனே பின்னர்த் திருடனென்று தேடப்படுவதும் கண்டு கலங்காதார் அரியர். அது 1993-ஆம் ஆண்டுக் காவல்நிலையக் கொலை வழக்கொன்றைத் தழுவியது. ஆனால் அவ்வழக்கில் மாண்டவர் குறவர், படத்தில் இருளரானார். இருளராய் நடித்த முதன்மையோர் இருவரும் அக்குடியினரல்லர். படத்தின் இரக்கம் பெரிதே. ஆயினும் ஒரு குடியின் துயரை மற்றொரு குடியின்மேல் ஏற்றியுரைத்தல் இத்துணை எளிதாயிற்றெனின், இரு குடியும் நம் கண்ணுக்கு இன்னும் வேறு வேறாய்த் தோன்றவில்லை போலும்!

இதற்கு மாறானதொன்றும் நம் பக்கத்திலேயே உண்டு. ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்திற் பிறந்த பா. இரஞ்சித் 2012-இல் 'அட்டகத்தி' எடுத்தபோது, இப்புறநகர் இளைஞரின் பேச்சையும் கானாவையும் திருத்தாமலே வைத்தார். இலக்கணம் பயிலும் எமக்கு அப்பேச்சு முதலில் உவப்பாயில்லை. பிழை எம் செவியினதே எனப் பின்னர் உணர்ந்தோம்.

மாசிப் பௌர்ணமியில் இருளர் பல ஊர்களினின்றும் மாமல்லபுரக் கடற்கரையிற் கூடுவர். மணலிற் படிகள் அமைத்துக் கன்னியம்மனை வழிபடுவர்; மணம் பேசி முடிப்பர். வெளியார் பலர் அதனைப் படம் பிடித்துச் செல்கின்றனர். இருளர் ஒருவரே இயக்கிய முழுநீளப் படத்தை யாம் இன்னும் கண்டிலேம்.