நமக்கென்று ஒரு புதிய ஆலயம்



இராயப்பரின் பெயரையே தாங்கி நிற்கிறது நம் இராயபுரம். படகோட்டிப் பிழைத்த நம் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் அவருக்கு இங்கே ஆலயம் எழுப்பினர். இன்று எண்ணூர், திருவொற்றியூர்க் குடியிருப்புகளில் 'எங்களுக்கும் ஓர் ஆலயம் வேண்டும்' என்ற குரல் எழுவது இயல்பே.

ஆயரின் எழுத்து மூலமான இசைவின்றி ஆலயம் கட்டக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1215. குருக்கள் மன்றத்தையும் அருகிலுள்ள ஆலய அதிபர்களையும் ஆயர் முதலில் கலந்தாலோசிக்க வேண்டும். அது ஆன்மாக்களுக்கு நன்மை தருமா? கட்டவும் வழிபாடு நடத்தவும் வசதி உண்டா? இவ்விரண்டையும் அவர் ஆராய வேண்டும்.

ஏன் இந்த எச்சரிக்கை? போர்த்துக்கீசிய அரசின் ஆதரவிலிருந்த மயிலை மறைமாவட்டமும், உரோமையின் நேரடிப் பொறுப்பிலிருந்த சென்னை மறைமாவட்டமும் ஒரே நகரில் நெடுங்காலம் தனித்தனியே இயங்கின. 1952இல்தான் அவை ஒன்றாயின. விசுவாசம் ஒன்று, அதிகாரமோ இரண்டு!

ஆகவே, மனு எழுதுமுன் நம்மையே கேட்போம். கன்டெய்னர் லாரிகளுக்கிடையே முதியோரும் சிறுவரும் திருப்பலிக்கு வர இயலவில்லையா? துணிந்து கேட்போம். அன்பியத்தில் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பதா காரணம்? முதலில் ஒப்புரவாவோம். மனத்தாங்கலோடு புதிய ஆலயத்திற்குப் போனால், அந்த மனத்தாங்கலும் நம்மோடு அங்கே வரும்.