மேலே மஸ்டாங்... உள்ளே துரு!

பி.காம். படித்தவனுக்குத் தேய்மானம் என்றால் வருஷத்துக்கு இத்தனை பர்சன்ட் என்று ஒரு கணக்கு. லெட்ஜரில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. அந்தத் தேய்மானம் கையில் பொடிப்பொடியாக உதிரும் என்பதை, போன வருஷம் ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

பெரியப்பா பையன் டெட்ராய்ட் பக்கத்தில் இருபது வருஷமாக இன்ஜினீயர். வீடு, பெண், பிரஷர் எல்லாம் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: 1968 மாடல் ஃபோர்டு மஸ்டாங்! காலேஜ் நாளில் ஏதோ இங்கிலீஷ் படத்தில் பார்த்தாராம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போன நேரம் பார்த்து, ஒரு வண்டி விலைக்கு வந்துவிட்டது. சிவப்பு நிறம், கூரையில் கறுப்பு வினைல் உறை, 302 வி-8 இன்ஜின். விலை 18,000 டாலர். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், ராத்திரி தூக்கம் போச்சு.

"பொண்ணு அடுத்த வருஷம் காலேஜ் போறா. இவருக்குக் குதிரை வேணுமாம், குதிரை!" என்றார் அண்ணி. மஸ்டாங் என்றால் காட்டுக்குதிரை.

இந்த வண்டிகளுக்கு அமெரிக்காவில் 'மஸில் கார்' என்று பெயர். நடுத்தர சைஸ் உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய இன்ஜின். 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.தான் பிள்ளையார் சுழி என்பார்கள். 1970 ஷெவல் எஸ்.எஸ். வண்டியில் 7.4 லிட்டர் இன்ஜின், 450 குதிரை சக்தி! நம்ம மாருதி 800 இன்ஜின் ஒன்பதை உருக்கி ஒன்றாக்கினாலும் அதற்குக் கொஞ்சம் குறையும். மஸ்டாங்கை இந்த ஜாதியில் சேர்க்கலாமா, தனி ஜாதியா என்று அங்கே பெரிய சண்டையே நடக்கிறது. அதில் நாம் தலையிட வேண்டாம்.

அண்ணன் உஷாராக ஒரு காரியம் செய்தார். பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கூட அழைத்துக்கொண்டார். கார் ஃபேக்டரியில் முப்பது வருஷம் வெல்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தாத்தா ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பாட்டில் தண்ணீர், துணியில் சுற்றிய காந்தம் ஒன்று... இவ்வளவும் எடுத்துக்கொண்டு வந்தார். பில்லி சூனியம் எடுக்கப் போகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

வண்டி வாசலில் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், புதுப் பெண் மாதிரி இருந்தது. "போன வருஷம்தான் முழுசா ரெஸ்டோர் பண்ணினேன்" என்றார் விற்பவர். அண்ணன் கண்ணில் தண்ணீர் வராத குறை.

தாத்தா இன்ஜினைத் திறக்கச் சொல்லவே இல்லை. நேராகப் பின் சக்கரத்துக்கு மேலே வளையும் தகட்டில் காந்தத்தை வைத்தார். டொக்கென்று ஒட்டியது. ஒரு சாண் கீழே வைத்தார். பொத்தென்று கையிலேயே விழுந்தது. இன்னும் கீழே... ஒட்டவில்லை. கதவுக்கு அடியில்... ஒட்டவே இல்லை.

"இரும்பு இருந்தாத்தானே ஒட்டும்" என்றார் தாத்தா.

நம்ம ஊர் டிங்கரிங் ஷெட்டில் 'பட்டி பார்க்கிறது' என்பார்களே, அதே சமாசாரம்தான். துரு தின்ற ஓட்டையில் கம்பி வலையை அடைத்து, மேலே பட்டியை அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டார்கள். மெல்லிசாக ஒரு பூச்சு என்றால் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். இங்கே விரல் கனத்துக்கு!

அடுத்துதான் தண்ணீர் பாட்டில். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில், காற்று உள்ளே போக வரிவரியாக ஒரு ஜன்னல் இருக்கும். தாத்தா என்னை வண்டிக்குள் தலைகீழாகப் படுக்க வைத்து, டார்ச்சைக் கையில் கொடுத்து, வெளியே இருந்து அந்த ஜன்னலில் தண்ணீரை ஊற்றினார். பத்து எண்ணுவதற்குள், டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து என் நெற்றியில் சொட்... சொட்... நிறம்? நல்ல டிகிரி காபி!

1968 வரை வந்த மஸ்டாங்குகளின் ஜன்ம வியாதி இது. அந்த ஜன்னலுக்குக் கீழே இரண்டு தகடுகளை ஒட்டுப்போட்டு ஒரு பெட்டி மாதிரி செய்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் அதில் இறங்கி ஓரமாக வெளியே போக வேண்டும். ஆனால், மரத்தடியில் நிறுத்தினால் இலை, சருகு, தூசி எல்லாம் உள்ளே விழுந்து ஊறும். பெட்டியின் உட்பக்கத்தில் சரியான பெயின்ட்டும் கிடையாது, கை விட்டுத் துடைக்கவும் முடியாது. துரு பிடித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு வரும், கார்ப்பெட்டிலிருந்து தரைத் தகட்டுக்கு. இதை ரிப்பேர் செய்ய வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்றி, வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளை போட்டுப் பிரித்து... வேண்டாம், நினைத்தாலே முதுகு வலிக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜி.டி.ஓ., ஷெவல் வண்டிகளுக்கு அடியில் தனியாக ஒரு சேஸிஸ் இருக்கும், உடம்பு அதன் மேல் உட்கார்ந்திருக்கும். மஸ்டாங்குக்கு உடம்பேதான் எலும்பு. தரை இத்துப் போனால் வண்டியின் பலமே போச்சு. தாத்தா கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினார். பழைய தரையின் மேலேயே புதுத் தகடு ஒன்றை வைத்து ரிவெட் அடித்து, தார் பூசியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தில் லேசாக அழுத்தினார். அப்பளம் மாதிரி சத்தம். வாசல் சிமென்ட் தரை தெரிந்தது.

வினைல் கூரையை அவர் தொடவே இல்லை. "அதுக்கடியில ஈரம் மாட்டிக்கும். உரிச்சுப் பார்த்தா எனக்கு அழுகை வரும்" என்றார். அந்தக் காலத்தில் அது பணக்காரக் களை என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்!

திரும்பி வரும்போது காரில் மௌனம். நான்தான் கேட்டேன்: "சென்னையில கடல் காத்து, ஜன்னல் கம்பி துருப்பிடிக்குது. இங்க ஏன் சார்?"

"உப்பு. பனி உருகறதுக்கு ரோட்டுல உப்புக் கொட்டறாங்க" என்றார் தாத்தா.

கொஞ்சமா நஞ்சமா! நாடு முழுக்க வருஷத்துக்குச் சுமார் இரண்டு கோடி டன். உப்பு கலந்த தண்ணீர் சீக்கிரம் உறையாது, சரி. ஆனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் துருப்பிடிக்கும் வேலை மடமடவென்று நடக்கும். பனி கரைந்து அந்தக் குழம்பு வண்டியின் இண்டு இடுக்கெல்லாம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். எனவே உள்ளேயிருந்து பெயின்ட்டைக் கொப்புளமாகத் தள்ளும். வெளியே ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே பெரிய குடும்பமே இருக்கிறது என்று அர்த்தம்.

தாத்தா காருக்கு வெளியே தரையைக் காட்டினார். "அந்த உப்பு எங்கேருந்து வருது தெரியுமா? இந்த ஊருக்கு அடியிலேருந்துதான்!"

ஏதோ கதை விடுகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், நிஜம். டெட்ராய்ட் நகரத்துக்குக் கீழே சுமார் 1,200 அடி ஆழத்தில் பெரிய உப்புச் சுரங்கம். 1910-லிருந்து இருக்கிறது. மேலே கார் செய்தார்கள், அதைத் தின்பதற்கு உப்பைக் கீழேயிருந்து எடுத்தார்கள். விட்டலாச்சார்யா படத்தில்கூட இப்படி ஒரு சாபம் கிடையாது.

அண்ணி, "பூட்டி உள்ளயே வெச்சிருந்தா கெடாதுல்ல?" என்று கேட்டதற்குத் தாத்தா இன்னொரு நிஜக் கதை சொன்னார். ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் 1957-ல் புத்தம்புது பிளிமத் காரை கான்கிரீட் அறைக்குள் வைத்துப் புதைத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்துத் திறப்பதாக ஏற்பாடு. 2007-ல் ஊரே கூடி நிற்கத் திறந்தால், உள்ளே தண்ணீர்! கார் சேற்று உருண்டையாக, தலை முதல் கால் வரை துருவாக வெளியே வந்தது. அதன் மேல் ஒரு சொட்டு உப்பு கொட்டவில்லை. யாரும் அதை அதிகமாக ஓட்டவுமில்லை.

துருப்பிடிக்காத வண்டியே இல்லையா? உண்டு. அரிசோனா, கலிஃபோர்னியா பக்கம் வறண்ட பூமியில் ஓடிய வண்டிகளுக்கு இரும்பு கெட்டி. 'பாலைவன வண்டி' என்று விளம்பரத்திலேயே பெருமையாகப் போடுகிறார்கள், அதற்கே விலை கூடுதல். டெட்ராய்ட்காரர்களோ குளிர்காலம் முழுக்க வண்டியை ஷெட்டில் போர்வை போர்த்திப் படுக்க வைத்துவிட்டு, வசந்தத்தில் நாலு மழை பெய்து ரோட்டு உப்பு கழுவிப் போன பிறகுதான் வெளியே எடுக்கிறார்கள். வருஷத்தில் பாதி நாள் காருக்கு லீவு!

எனக்கு ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. தரை புதுசு, மட்கார்டு புதுசு, கதவு புதுசு... இப்போது சில மாடல்களுக்கு முழு பாடியே புதிதாக அடித்து விற்கிறார்கள். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அது எப்படி 1968 வண்டி? தாத்தாவைக் கேட்டேன். "நம்பர்" என்றார். கண்ணாடி ஓரத்தில் ஒரு சின்னத் தகடு, இன்ஜின் பக்கம் உள் தகட்டில் பொறித்த எண்... அதுதான் ஜாதகம். அதைப் பிய்த்து வேறு உடம்பில் ஒட்டினால் ஜெயில். அதையும் துரு விட்டுவைப்பதில்லை என்பதுதான் கொடுமை.

விற்பவர் மறுநாள் போன் செய்து 12,000-க்கு இறங்கினார். அண்ணன் அரை மணி நேரம் வராந்தாவில் நடந்தார். நான் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். டிங்கரிங் கூலியே வண்டி விலையைத் தாண்டியது. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

நான் ஊர் திரும்பி மூன்று மாசம் கழித்து, ராத்திரி பதினோரு மணிக்கு போன்.

"டேய், அரிசோனாவிலிருந்து லாரியில ஏத்தி வரவழைச்சுட்டேன்டா! தாத்தா காந்தத்தோட வந்து முழுசா செக் பண்ணிட்டாரு!"

"துரு?"

"துளிகூட இல்ல!"

"சூப்பர்ணே! அப்ப ஓட்டிப் பார்த்தீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எப்படிடா ஓட்டறது? டாஷ்போர்டு வெயில்ல வெடிச்சிருக்கு, வயரெல்லாம் காஞ்சு நொறுங்குது, சீட்டு ரப்பரை எலி தின்னுருக்கு. உட்கார ஒரு ஸ்டூல்தான் போட்டு வெச்சிருக்கேன்."

பின்னால் அண்ணியின் குரல் தெளிவாகக் கேட்டது: "அது என் கிச்சன் ஸ்டூல்னு சொல்லுங்க!"