பச்சைக்கு முன் பழுப்பு

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் அரச விமானப் படையில் மெட்ராஸ் மாகாணத்தின் பெயரைத் தாங்கிய மூன்று படைப்பிரிவுகள் இருந்தன: 79, 234, 264. இங்கே திரட்டிக் கொடுத்த போர் நிதிக்காக வந்த பெயர் அது. 1940 கோடையில் 234ஆம் பிரிவு ஓட்டியது ஸ்பிட்ஃபயர். 79 ஹரிக்கேனும் 264 டிஃபயன்டும் வைத்திருந்தன. விமானம் எதுவானாலும் வண்ணம் ஒன்றுதான். மேலே மண்பழுப்பும் கரும்பச்சையும் வளைந்து வளைந்து ஓடும் பட்டைகள். வயிற்றுப் பக்கம், அந்த ஆண்டு ஜூனிலிருந்து, ‘ஸ்கை’ என்ற வெளிர்பச்சை.

இதை பிளாஸ்டிக் மாடலில் கொண்டுவருவது, இருநிற விமானம் எதற்கும் நல்ல பாடம். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீளம் 11.23 மீட்டர், 1/72 அளவில் 15.6 சென்டிமீட்டர். ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையில் ஏர்பிரஷ் பிடிக்கலாம். பாகங்களை ஒட்டி முடித்ததும் எழும் முதல் கேள்வி: எந்த நிறத்தை முதலில் அடிப்பது?

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. எல்லோரும் சொல்வது இதுதான், பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் காரணம் தெரியாவிட்டால் விதி எங்கே செல்லாது என்பதும் தெரியாது. வெள்ளை, மஞ்சள் போன்றவற்றுக்கு அடியில் இருப்பதை மறைக்கும் திறன் குறைவு. கரும்பச்சை மேல் மஞ்சளை அடித்தால் மூன்று நான்கு பூச்சுக்குப் பிறகும் பச்சை எட்டிப் பார்க்கும். பூச்சு ஏற ஏறத் தடிமன் ஏறும்; முதல் நிறத்தின் மேல் படாமலிருக்க ஒட்டிய டேப்பை எடுத்ததும் அங்கே ஒரு படிக்கட்டு நிற்கும். 0.05 மில்லிமீட்டர் படியானாலும், நிஜ விமானக் கணக்கில் அது 3.6 மில்லிமீட்டர். அப்படி ஒரு மேட்டோடு எந்த ஸ்பிட்ஃபயரும் பறக்கவில்லை.

ஆகவே ஸ்கை முதலில், அடுத்து பழுப்பு, கடைசியில் பச்சை. பழுப்பின் மேல் பச்சை இரண்டு மெல்லிய பூச்சிலேயே அமர்ந்துவிடும். இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: எதை மூடுவது சுலபம்? நிற விதியும் இதுவும் முரண்பட்டால் இரண்டாவதற்கே நான் காது கொடுப்பேன். இரண்டு நிறங்களும் ஒரே அளவுக்கு அடர்த்தியானவை என்றால், மூடுவதற்கு எளிதான சிறிய பரப்புக்கு உரிய நிறத்தை முதலில் அடித்து மூடிவிடலாம். மூடுவதன் சுலபத்துக்கு ஓர் உதாரணம்: 1941 ஆகஸ்டில் பழுப்புக்குப் பதில் சாம்பல் வந்தது. இறக்கையின் முன்விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடும் வந்தது. அந்தக் கோட்டுக்கு வெள்ளை அடித்தளம் போட்டு, மஞ்சள் அடித்து, ஒற்றைக் கீற்று டேப்பால் மூடிவிட்டால் பிறகு அதை மறந்துவிடலாம். கடைசிக்கு விட்டுவைத்தால், முடிந்த இறக்கை முழுவதையும் பொதிய வேண்டிவரும்.

அடிப்பதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். அந்த வளைவுகள் கைபோன போக்கில் வந்தவை அல்ல. ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு வரைபடங்கள் இருந்தன. ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். நீங்கள் செய்யும் விமானம் எந்த வகை என்று பழைய புகைப்படத்தில் பார்க்காமல் டேப்பை வெட்டினால் எல்லாமே இடவலமாக மாறிவிடும்.

இனி மூடும் வேலை. காரின் கண்ணாடிக்கு நியூஸ்பேப்பர் ஒட்டி பெயிண்ட் அடிக்கும் கடைக்காரர் செய்வதும் இதேதான். அவருக்கு நேர்க்கோடு போதும், நமக்கு வளைவு வேண்டும். மாடல்காரர்கள் விரும்புவது மெல்லிய மஞ்சள் ஜப்பானியக் காகித டேப். கடையிலிருந்து வரும் சுருளின் ஓரத்தில் தூசியும் பிசிறும் ஒட்டியிருக்கும். கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, புது பிளேடால் ஓரத்தைச் சீவிவிட்டுப் பயன்படுத்துங்கள். பசை அதிகமென்று தோன்றினால் புறங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் குறையும்.

டேப்பின் அடியில் பெயிண்ட் கசியும் என்பதுதான் எல்லோருக்கும் பயம். அதற்கு ஓர் அருமையான தந்திரம் உண்டு. பழுப்பை மூடிய பிறகு, டேப்பின் விளிம்பு நெடுக மறுபடியும் பழுப்பையே மெல்லிசாக அடியுங்கள். கசிவதென்றால் பழுப்பே கசியும். பழுப்பின் மேல் பழுப்பு யாருக்குத் தெரியப்போகிறது? இடுக்கு அடைபட்டுவிட்டது. இனி பச்சையை தைரியமாக அடிக்கலாம். ஸ்ப்ரே எப்போதும் டேப் பக்கமிருந்து திறந்த பக்கம் நோக்கிப் போகட்டும். எதிர்த்து அடித்தால் காற்றே விளிம்பைத் தூக்கிவிடும்.

இரு நிறமும் சந்திக்கும் கோடு கூர்மையாக இருக்க வேண்டுமா, மங்கலாகவா என்பது மாடல்காரர்கள் ஓயாமல் சண்டை போடும் விஷயம். கணக்குப் போட்டால் தீர்ந்துவிடும். நிஜத்தில் ஓர் அங்குலம் மங்கினால், 1/72இல் அது 0.35 மில்லிமீட்டர். கண் அதைக் கோடாகத்தான் பார்க்கும். எனவே சின்ன மாடலுக்கு டேப்பே சரி என்பது என் கட்சி. 1/32 போன்ற பெரிய மாடலில் இலேசான மங்கல் அழகு. அதற்கு போஸ்டர் ஒட்டும் புட்டியை மெல்லிய கயிறாக உருட்டி எல்லையில் வைத்து, நேர் மேலிருந்து செங்குத்தாக அடிக்க வேண்டும். சாய்த்து அடித்தால் புட்டியின் அடிவளைவுக்குள் பெயிண்ட் புகுந்து கோடு அகலமாகிவிடும்.

அவசரம் ஒன்றுதான் இந்த வேலையின் எதிரி. அக்ரிலிக் பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நிமிடங்களில் வரும். டேப்பைத் தாங்க ஓர் இரவாவது கொடுங்கள். எனாமலுக்கு ஒரு நாளுக்கு மேலேயே வேண்டும். அடியில் பிரைமர் இல்லாத அக்ரிலிக், டேப்போடு சேர்ந்து தோலாக உரிந்து வரும். கடைசி நிறம் அடித்ததும் டேப்பை நாட்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். செங்குத்தாக இழுக்காமல், அதன் மேலேயே மடித்து மெதுவாக உரித்தெடுங்கள்.